மணல் தட்டில் குழியானை: பள்ளி வளாக உயிர்களைப் பிள்ளைகளோடு பார்த்த பதிவு

சுற்றுச்சூழல் மன்றத்துக்கு வாரம் ஒரு பாட வேளை கிடைத்தது. அதுவும் கடைசி வேளை. வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. மைக்ரோஸ்கோப் கிடையாது. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை பிள்ளைகள் கலந்து வருவார்கள். இந்த நிலையில் என்னென்ன செய்து பார்த்தோம், எது நன்றாக ஓடியது, என்ன சாமான் வேண்டியிருந்தது என்பதை எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒன்றைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் உதவலாம்.

மன்றம் என்றாலே மரம் வளர்ப்போம் என்று ஒரு போஸ்டர், புலி படம், பிளாஸ்டிக் ஒழிப்பு உறுதிமொழி. இவற்றில் தவறில்லை. ஆனால் புலியைப் படத்தில் பார்த்த உடனே சொல்லிவிடும் பிள்ளைக்கு, தன் வகுப்பறைப் படிக்கட்டின் அடியில் என்ன வாழ்கிறது என்று தெரிவதில்லை. இது எங்கும் உள்ள கதைதான். பிரிட்டனில் 4 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகளிடம் சாதாரணமாகக் காணப்படும் செடி, விலங்குகளின் படங்களையும் போக்கிமான் என்னும் விளையாட்டின் கற்பனை உயிர்கள் உள்ள அட்டைகளையும் காட்டிப் பெயர் கேட்டார்கள். 8 வயதுப் பிள்ளைகள் உயிரினங்களில் 53 விழுக்காட்டையும் போக்கிமான்களில் 78 விழுக்காட்டையும் சரியாகச் சொன்னார்கள். 2002-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இது. பிள்ளைகளுக்கு ஞாபக சக்தி இல்லை என்றோ ஆர்வம் இல்லை என்றோ யாரும் இனிச் சொல்ல முடியாது. போக்கிமானோடு அவர்கள் விளையாடுகிறார்கள், மற்றதை யாரோ காட்டுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் மன்றத்துக்கு இரண்டே விதி வைத்தேன். வளாகத்துக்குள் இருக்கும் உயிரை மட்டும்தான் பார்ப்போம். அதனிடம் ஏதாவது ஒரு கேள்வி கேட்டு, அதுவே பதில் சொல்லும்படி ஏற்பாடு செய்வோம். பெயரெல்லாம் அப்புறம்.

குழியானையில் தொடங்கியது

கட்டடத்தின் சாரலடிக்காத ஓரத்தில், சுவரை ஒட்டி, மண் மாவு போல் காய்ந்து கிடக்கும் இடத்தில் சின்னச் சின்னப் புனல் வடிவக் குழிகள் இருக்கும். பலர் சின்ன வயதில் ஊதிப் பார்த்திருப்பார்கள். அதன் அடியில் இருப்பதுதான் குழியானை, சிறகுள்ள ஒரு பூச்சியின் புழுப் பருவம். தொடங்குவதற்கு இதைவிட வசதியான உயிர் எனக்குத் தெரிந்து இல்லை. பறக்காது, ஓடாது, வாரக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் சாகாது, மணலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். வேட்டையாடும் விலங்கு வேறு. புலிக்கு ஈடான ஒன்று படிக்கட்டுக்கு அடியிலேயே கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

தேவைப்பட்டவை: ஒரு சாப்பாட்டுக் கரண்டி, மாவுச் சல்லடை, விரல் நீள ஆழமுள்ள பிளாஸ்டிக் டப்பாக்கள், காய்ந்த மணல்.

எடுக்கும் முறையில் கொஞ்சம் கவனம் வேண்டும். குழியின் நடுவில் குச்சியை விட்டுக் கிளறினால் புழு நசுங்கும். குழிக்கு வெளியே கரண்டியை இறக்கி, குழிக்குக் கீழே கொண்டுபோய், மொத்தமாக அள்ளிச் சல்லடையில் போட்டு மெதுவாக ஆட்ட வேண்டும். மண் கீழே போய்விடும். மேலே நிற்பதில் எது கல், எது குழியானை என்று முதலில் தெரியாது. அது செத்தது போல் அசையாமல் கிடக்கும், உடம்பு முழுக்கத் தூசி ஒட்டியிருக்கும். ஒரு நிமிடம் பொறுத்தால், கற்களில் ஒன்று பின்பக்கமாக நகரத் தொடங்கும். பிள்ளைகள் இந்த ஒரு நிமிடத்தில்தான் அமைதியாக இருந்தார்கள் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

ஒரு டப்பாவில் ஒன்றுதான். இரண்டைப் போட்டால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும் வாய்ப்பு உண்டு. டப்பாவில் மணல் குறைந்தது இரண்டு மூன்று விரல்கடை உயரத்துக்கு இருக்கட்டும், இல்லாவிட்டால் குழி அடித்தட்டில் இடித்து நின்றுவிடும். ஈரம் கொஞ்சமும் கூடாது. மணலை வெயிலில் பரப்பிக் காயவைத்து, ஆறிய பிறகு ஊற்ற வேண்டும்.

உள்ளே விட்டதும் பின்பக்கமாகவே மணலுக்குள் புதைந்துவிட்டன. முன்னால் ஒன்றுகூடப் போகவில்லை. "ரிவர்ஸ் கியர் மட்டும்தானா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். குழி வெட்டும் இனங்களின் புழுவுக்குப் பின்பக்கமாகத்தான் நடை. பெரும்பாலானவை அன்றிரவே குழி போட்டுவிட்டன. சில அப்படியே புதைந்து கிடந்தன. இடம் மாறினால் சில நாள் எதுவும் செய்யாமல் இருப்பதும் வழக்கம்தான். அந்த டப்பாக்களின் சொந்தக்காரர்களைத்தான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

மணலைப் பிரித்துப் போடும் பூச்சி

முதல் பரிசோதனையைக் குழந்தைகளே கேட்டார்கள்: பருமணலில் விட்டால் குழி போடுமா? ஒரு நீளத் தட்டை அட்டையால் இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கம் சலித்த நுண்மணலும் மறுபக்கம் பருமணலும் கொட்டி, அட்டையை உருவிவிட்டோம். நடுக்கோட்டில் புழுக்களை விட்டோம். மறுநாள் பார்த்தபோது குழிகள் பெரும்பாலும் நுண்மணல் பக்கம் இருந்தன. பருமணல் பக்கம் போனவை குழி போடாமல் ஊர்ந்த தடம் மட்டும் நீளமாக இருந்தது.

இதைவிடப் பிடித்தது அடுத்தது. பருமணலுக்கு நிறம் ஏற்றிக் காயவைத்து, நுண்மணலோடு நன்றாகக் கலந்து ஒரு டப்பாவில் போட்டோம். குழி வந்த பிறகு பார்த்தால் நிற மணிகள் குழிக்கு வெளியே விளிம்பைச் சுற்றிச் சிதறிக் கிடந்தன, குழியின் உள்சுவரில் நுண்மணலே அதிகம். யாரோ சலித்துப் போட்டது மாதிரி. குழியானை சுருள் வட்டமாகப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே தலையால் மணலை வெளியே எறிகிறது. பெரிய மணிகள் வெளியே போக, நுண்மணல் குழிச்சுவரில் தங்குகிறது. இதை 2019-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழு ஒன்று விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறது. ஆய்வகத்தில் செய்ததன் ஒரு துண்டை டப்பாவில் செய்துவிட்டோம் என்று சொன்னபோது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நடையே மாறிவிட்டது.

எதற்காக நுண்மணல் சுவர்? எறும்பு கால் வைத்தால் சரிய வேண்டும், அதுதான். இங்கே கணக்கு தானாக உள்ளே வந்தது. காய்ந்த மணலை ஒரே இடத்தில் மெல்ல ஊற்றிக்கொண்டே இருந்தால் குவியல் உயரும். ஒரு கட்டத்துக்கு மேல் சரிவு செங்குத்தாகாது, மணல் வழிந்துவிடும். அந்தச் சாய்வு காய்ந்த மணலுக்குச் சுமார் 30 முதல் 35 டிகிரி. பாகைமானியின் நடுப்புள்ளியில் நூல் கட்டி, நூல் நுனியில் ஒரு சிறு கல்லைத் தொங்கவிட்டுச் சாய்வு அளக்கும் கருவி செய்தோம். குவியலின் பக்கத்தில் ஒரு ஸ்கேலைச் சாய்த்துப் பிடித்து அதன்மேல் இதை வைத்து அளந்தார்கள். குழியின் சாய்வை அளப்பது கஷ்டம், தொட்டால் சரியும். பக்கவாட்டில் போட்டோ எடுத்து, கண்ணாடி டப்பாவின் சுவரை ஒட்டி அமைந்த பாதிக் குழியில் அளந்தோம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தது. சரியப்போகும் நிலையிலேயே குழியை வைத்திருக்கிறது இந்தப் பூச்சி. மொபைலில் சாய்வு காட்டும் செயலி உண்டு, அதில் நொடியில் வந்துவிடும். இருந்தாலும் நூலும் கல்லும்தான் நல்லது என்பேன். எது ஏன் எந்தக் கோணத்தைக் காட்டுகிறது என்பது கையில் இருக்கும்போதுதான் புரிகிறது.

எறும்பைப் போடலாமா

தீனி விஷயத்தில் மன்றம் இரண்டாகப் பிரிந்தது. எறும்பைப் பிடித்துக் குழியில் போடுவது கொலை என்றது ஒரு கட்சி. போடாவிட்டால் குழியானை பட்டினி, அதுவும் கொலைதான் என்றது இன்னொரு கட்சி. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "வெளியே இருந்தா அதுவா விழும். நாம போட்டா நாம கொன்னது" என்றாள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு வேளை முழுவதும் இதிலேயே போயிற்று. வீணானதாக நினைக்கவில்லை.

கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டார்கள். இயல்பான வேட்டையைச் சுவரோரத்தில் இருக்கும் குழிகளில் உட்கார்ந்து பார்ப்பது. டப்பாவில் இருப்பவற்றுக்குச் செத்துக் கிடக்கும் எறும்பைப் புல் நுனியில் கோர்த்துக் குழியில் அசைத்துக் காட்டுவது. சில பிடித்துக்கொண்டன. சில குப்பையைப் போலத் தூக்கி வெளியே எறிந்தன. இப்படி ஓரிரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவது என்றும் முடிவாயிற்று.

சுவரோரத்தில் பார்த்த ஒரு வேட்டையை விவரமாக எழுத வேண்டும். எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் முழுதாக விழவில்லை. பாதிச் சரிவில் நின்று மேலே ஏறப் பார்த்தது. ஒவ்வொரு அடிக்கும் மணல் கீழே வழிந்தது. கீழிருந்து மணல் வீச்சு வந்தது, எறும்பைக் குறிபார்த்து அடித்த மாதிரி இல்லை, குழி முழுக்கத் தூவிய மாதிரி. அதில் சுவர் இன்னும் சரிந்தது. அடியில் அரிவாள் வளைவில் இரண்டு தாடைகள் தெரிந்தன, எறும்பின் இடுப்பைக் கவ்வின, உள்ளே இழுத்தன. எறும்பின் ஒரு கால் மட்டும் வெளியே அசைந்துகொண்டிருந்தது. அந்தத் தாடைகளில் ஒரு குழல் போன்ற பாதை உண்டு. அதன் வழியாக விஷமும் செரிக்கும் சாறும் எறும்புக்குள் போகும், கரைந்ததை அதே வழியாக உறிஞ்சும். முடிந்ததும் வெற்று ஓட்டைக் குழிக்கு வெளியே எறிந்துவிடும். குழிகளைச் சுற்றிக் கிடந்த உலர்ந்த எறும்பு ஓடுகள் என்ன என்று பிள்ளைகளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஓடி ஓடிப் போய் ஒவ்வொரு குழியையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

வகுப்பிலேயே அதிகச் சிரிப்பை வாங்கிய தகவல்: குழியானைப் புழு மலம் கழிப்பதே இல்லை. குடல் பின்பக்கம் அடைத்திருக்கும். புழுப் பருவம் முழுவதும் சேர்ந்த கழிவை, சிறகு முளைத்து வெளிவந்த பிறகுதான் வெளியேற்றும். இனத்தையும் தீனியையும் பொறுத்துப் புழுப் பருவம் ஓராண்டுக்கு மேலும் நீளும். இதைக் கேட்ட பிறகு அந்தப் பூச்சியை யாரும் மறக்கப் போவதில்லை, பரீட்சைக்குக் கேட்டால்தான் மறப்பார்கள்.

வளரும்போது தோலுரிக்கும். உரித்த தோல் தாடையோடு முழு உருவமாகக் கிடக்கும், செத்துவிட்டது என்று அழுகையே வந்துவிடும். முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. ஒரு டப்பாவில் குழி கலைந்து பல நாளாகப் புதிது போடாமல் இருந்தால் அது மணலும் பட்டிழையும் சேர்த்துக் கட்டிய பட்டாணி அளவு உருண்டைக்குள் கூட்டுப்புழுவாகியிருக்கலாம். கிளறக் கூடாது. மணலில் ஒரு குச்சியை நட்டு, டப்பாவை வலைத்துணியால் உயரமாக மூடி வைக்க வேண்டும். வெளிவரும் பூச்சி குச்சியில் ஏறித் தொங்கினால்தான் சிறகு சரியாக விரியும். பார்க்கத் தட்டான் மாதிரியே இருக்கும், ஆனால் தட்டானுக்கு உணர்கொம்பு மயிர்போல் குட்டி. இதற்கு நீளமாக, நுனி தடித்திருக்கும். சொந்தமும் தட்டானோடு இல்லை, சல்லாச் சிறகுப் பூச்சிகளோடு.

இலைச்சருகுப் புனல்

அடுத்து மண்ணின் மேல் கிடக்கும் சருகு. இதற்கு ஒரு பழைய கருவி உண்டு. இத்தாலியப் பூச்சியியலாளர் பெர்லேஸே 1905-ல் வெந்நீர் சூட்டில் இயங்கும் புனலாகச் செய்தார், ஸ்வீடனின் டுல்கிரென் 1918-ல் மின்விளக்கைப் பொருத்தி எளிதாக்கினார். தத்துவம் ஒன்றுதான்: மேலிருந்து சூடும் வெளிச்சமும் வந்தால், சருகுக்குள் இருக்கும் உயிர்கள் ஈரத்தையும் இருட்டையும் தேடிக் கீழே இறங்கும், இறங்கிப் புனல் வழியே பாத்திரத்தில் விழும்.

இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் மேல் மூன்றில் ஒரு பாகத்தை வெட்டி, தலைகீழாகக் கீழ்ப் பாகத்தில் செருகினால் புனல் தயார். வாய்ப்பகுதியில் சிறு கம்பி வலை வேண்டும். கொசுவலை ஆகாது, கண் ரொம்பச் சிறியது, மரவட்டைக் குட்டிகள் நுழையாது. கீழ்ப் பாகத்தைக் கறுப்புத் தாளால் சுற்றி, உள்ளே ஈரமான தாள் வைக்கவும். ஆய்வகங்களில் அங்கே ஸ்பிரிட் ஊற்றுவார்கள், நாங்கள் திரும்ப விடப் போகிறோம் என்பதால் ஈரத் தாளே போதும். உள்ளே சிலந்தி விழுந்தால் மற்றவற்றைத் தின்னத் தொடங்கும், எனவே அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

விளக்கு விஷயத்தில் ஒரு சங்கதி. இப்போது எங்கும் எல்இடிதான், அதில் வெளிச்சம் வருமே தவிரச் சருகு காயும் அளவுக்குச் சூடு வராது. பழைய குண்டு பல்பு இருந்தால் 25 அல்லது 40 வாட் போதும், சருகிலிருந்து ஒரு சாண் உயரத்தில். அதையும் பெரியவர் ஒருவர் பார்வையில் மட்டும், பள்ளி விட்டதும் அணைத்துவிட்டு. பல்பு கிடைக்காவிட்டால் வெயில் விழும் ஜன்னல் ஓரம். மெதுவாகக் காய்வதே நல்லது. சட்டென்று காய்ந்தால் சிறிய உயிர்கள் இறங்கும் முன்பே வறண்டு செத்துவிடும். ஒன்றிரண்டு நாள் எடுத்தால் எடுக்கட்டும்.

விழுந்தவற்றைப் பெயரால் பிரிக்காமல் காலால் பிரித்தோம். வெள்ளைத் தட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு மெல்லிய தூரிகை. கால் இல்லாதவை, 6 கால், 8 கால், 14 கால், எண்ண முடியாத கால் என்று தாளில் ஐந்து கட்டம். மண்புழு முதல் கட்டத்தில். எறும்பும் வண்டும் இரண்டாவதில். சிலந்தியும், வால் இல்லாத குட்டித் தேள் போலிருக்கும் பொய்த்தேளும் 8 கால். தொட்டால் உருண்டுகொள்ளும் சாம்பல் நிறப் பிராணி 14 கால், நண்டுக்கும் இறாலுக்கும் உறவு, பூச்சியே அல்ல. கடைசிக் கட்டத்தில் சண்டை வந்தது: பூரானும் மரவட்டையும் ஒன்றா? உடம்பின் ஒவ்வொரு வளையத்தையும் பார்க்கச் சொன்னேன். பூரானுக்கு வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால், மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடி. பூரானை லென்ஸ் வைத்த மூடிய டப்பாவில் மட்டும் பார்த்தோம், அதற்குக் கடி உண்டு, விஷமும் உண்டு.

6 கால் கட்டத்தில் ஒன்று துள்ளித் துள்ளித் தட்டை விட்டே போனது. ஸ்பிரிங்டெயில். அரிசியில் பாதி அளவுகூட இருக்காது. வயிற்றுக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் ஒரு கவைக்குச்சியை விடுவித்துத் தரையை அடித்து எகிறும். 6 கால் இருந்தும் இன்றைய வகைப்பாட்டில் இதைப் பூச்சிகளோடு சேர்ப்பதில்லை. காலை வைத்துப் பிரிக்கும் முறைக்கும் எல்லை இருக்கிறது என்று காட்ட இது வசதியான உதாரணம். முட்டையிலிருந்து வரும் மரவட்டைக் குட்டிக்குப் பொதுவாக மூன்று ஜோடிக் கால்தான் என்று சொன்னதும், கட்டம் போட்ட பிள்ளை என்னை முறைத்துப் பார்த்தாள்.

பெருக்கிச் சுத்தமாக்கிய தரையின் மண்ணையும் மரத்தடிச் சருகையும் ஒரே அளவு எடுத்து, இரண்டு புனலில் போட்டு ஒப்பிட்டது முக்கியமான வேலை. சருகிலிருந்து ஐந்து கட்டங்களும் நிரம்பின. பெருக்கிய தரையிலிருந்து எறும்புகள் மட்டும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு வளாகத்தைப் பெருக்கும் அக்காவிடம் போனோம். மரத்தடியில் கொஞ்சம் இடத்தை மட்டும் பெருக்காமல் விட முடியுமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். "காத்தடிச்சா எல்லாம் வராண்டாவுக்குத்தான் வரும். திரும்ப நான்தான கூட்டணும்?" என்றார். நியாயமான கேள்வி. செங்கல்லை வட்டமாக அடுக்கி, சருகு பறக்காமல் அதற்குள் நிற்கும்படி செய்து காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார். அதன் பின் அவரே வந்து எந்த மூலையில் பாம்புச் சட்டை கிடந்தது, எந்தக் கல்லுக்கு அடியில் தேள் இருக்கும் என்று சொல்லத் தொடங்கினார். அந்த இடங்களைக் குறித்து, அங்கே கையை விடக் கூடாது என்ற வரைபடம் முதலில் போட்டோம்.

பாதுகாப்பு, சுருக்கமாக

கல்லைப் புரட்டும்போது நமக்கு எதிர்ப்பக்க ஓரத்தை, குச்சியாலோ கொக்கியாலோ தூக்க வேண்டும். அப்போது கல்லே தடுப்பாக நிற்கும், உள்ளே இருப்பது நம்மைப் பார்த்து வராமல் அந்தப் பக்கம் போகும். பார்த்து முடிந்ததும் கல் இருந்த மாதிரியே திரும்ப வைக்கப்பட வேண்டும், கீழே இருப்பவை நசுங்காமல். கம்பளிப்பூச்சி, பூரான், தேள், பாம்பு, குளவிக் கூடு இவற்றைக் கண்டால் நின்று, பின்வாங்கி, பெரியவரிடம் சொல்வது. மரவட்டை கக்கும் திரவம் கண்ணில் பட்டால் எரியும், எதைத் தொட்டாலும் கடைசியில் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. பறவைக் கூட்டுக்கு அருகில் கூட்டமாகப் போவதில்லை. இவ்வளவையும் முதல் வகுப்பிலேயே நடித்துக் காட்ட வைத்தேன், எழுதிக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

நோட்டுப் புத்தகம்

எல்லா வேலையிலும் எனக்குப் பிடித்த பகுதி இது. பக்கத்தின் நடுவே கோடு. இடது பக்கம் 'பார்த்தது', வலது பக்கம் 'நினைத்தது'. மேலே தேதி, நேரம், இடம், வெயிலா மேகமா. தொடக்கத்தில் எல்லாமே இடது பக்கம் வந்தது: "எறும்பு பயந்துபோய் ஓடியது." பயத்தைப் பார்த்தாயா என்று கேட்டால் திருதிரு என்று விழிப்பார்கள். சில வாரங்களில் அதே பையன் இடது பக்கம் எழுதியது: "எறும்பு நின்று திரும்பியது. முன்னங்காலால் ஏறியது. மணல் சரிந்தது. மறுபடி ஏறியது." வலது பக்கம்: "தப்பிக்கப் பார்க்கிறதோ?" அந்தக் கேள்விக்குறியை நான் போடச் சொல்லவில்லை.

படம் வரைவதைக் கட்டாயமாக்கினேன், அழகுக்கு மார்க் இல்லை. போட்டோ எடுத்தால் பார்த்துவிட்டோம் என்று திருப்தி வந்துவிடுகிறது. வரையும்போதுதான் கால் எங்கே இணைகிறது என்று திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் படங்களில் எறும்புக்குக் கால் வயிற்றிலிருந்து முளைத்திருக்கும். பிறகு வந்த படங்களில் ஆறும் மார்புப் பகுதியிலிருந்து.

வகுப்பின் ஒரு சுவரில் 'தெரியாது' என்று தலைப்பிட்ட அட்டை. பதில் கிடைக்காத கேள்விகள் அங்கே போகும். குழியானை தூங்குமா? சருகில் இருக்கும் பொய்த்தேள் அடுத்த மரத்தடிக்கு எப்படிப் போகும்? இரண்டாவதற்குப் பதில் உண்டு, பறக்கும் பூச்சிகளின் காலைப் பிடித்துக்கொண்டு பயணம் போகும் பொய்த்தேள்கள் இருக்கின்றன. முதலாவது இன்னும் அட்டையில்தான் இருக்கிறது.

பறவை எண்ணுவதும் தடம் பார்ப்பதும்

இவை இரண்டும் எளிது, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பத்து நிமிடம் நின்று பறவை எண்ணுவது. ஒரே காகம் ஐந்து முறை பறந்தால் ஐந்து காகம் என்று எழுதிவிடுவார்கள். ஒரே பார்வையில் அதிகபட்சம் எத்தனை தெரிந்ததோ அதை மட்டும் எழுதுவது என்ற விதியால் இது சரியானது. 1998-ல் தொடங்கிய 'கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட்' என்னும் பிப்ரவரி மாதக் கணக்கெடுப்பில், 2002-ல் வந்த 'ஈபேர்ட்' தளம் வழியாக உலகம் முழுவதிலிருந்தும் பட்டியல்கள் சேர்கின்றன. பள்ளிப் பட்டியலையும் ஆசிரியர் கணக்கில் போடலாம். செடி, பூச்சிகளுக்கு 'ஐநேச்சுரலிஸ்ட்' தளம். சின்னப் பிள்ளைகளுக்கு, கேமராவில் காட்டினால் உயிரின் பெயரைச் சொல்லும், கணக்குத் தொடங்காமலே இயங்கும் 'சீக்' செயலி போதும். செயலி சொல்வதை 'நினைத்தது' பக்கத்தில்தான் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம். கம்பளிப்பூச்சிகளில் அது தடுமாறுவதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

தடத்துக்கு, ஈர மணலைத் தட்டில் சமமாகத் தடவி மாலையில் சுவரோரம் வைத்துவிட்டு மறுநாள் காலை பார்ப்பது. பூனைத் தடத்தில் பொதுவாக நகக்குறி இருக்காது, நாய்க்கு இருக்கும். எலிக்கு முன்காலில் 4 விரல், பின்காலில் 5.

அடுத்தது

பல்லிகளைப் பற்றி ஒரு கேள்வி அட்டையில் ரொம்ப நாளாக இருக்கிறது: வெள்ளை விளக்குக்கு அதிகம் வருமா, மஞ்சள் விளக்குக்கா? நீலம் கலந்த வெள்ளை ஒளிக்குப் பூச்சிகள் பொதுவாக அதிகம் வரும், மஞ்சளுக்குக் குறைவு. பூச்சி கூடினால் பல்லியும் கூடுமா என்பதுதான் பார்க்க வேண்டியது. இரவு வேலை என்பதால் வீட்டில், பெரியவர்கள் துணையோடு. ஒரே சுவரில் இரண்டு விளக்கு, ஒரே அளவு வெளிச்சம், இருட்டிய பிறகு ஐந்து நிமிடம் எண்ணுவது என்று முடிவாகியிருக்கிறது. ஒரு பக்கம் ஏற்கெனவே பல்லிக்குப் பிடித்த சந்து இருந்தால் என்ன செய்வது என்று ஐந்தாம் வகுப்புப் பையன் கேட்டான். எண்ணும் நாட்களில் பாதி முடிந்ததும் விளக்குகளை இடம் மாற்றிப் போட வேண்டும் என்று அவனே சொன்னான். அட்டவணையில் அதற்கு ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம்.